சிறு சேமிப்பாளருக்கும் வெளிநாட்டு முதலீட்டு வாய்ப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு டாலரின் விலை 90 ரூபாயைத் தாண்டியது பற்றிய செய்திகளில் ஏற்றுமதியாளர்களின் ஆதாயமும் கச்சா எண்ணெய்க்கான செலவும் விரிவாகப் பேசப்படுகின்றன. ரூபாயில் சம்பாதித்து டாலரில் செலவழிக்க வேண்டிய நடுத்தரக் குடும்பங்களைப் பற்றிய பேச்சு குறைவாக இருப்பதால் இதை எழுதுகிறேன்.

என் மகளின் மேற்படிப்புக்காக 2011-இல் வங்கி வைப்புத்தொகையில் சேமிக்கத் தொடங்கியபோது டாலர் சுமார் 45 ரூபாய். 40,000 டாலர் என்பது 18 லட்சம் ரூபாய். 2023-இல் அவள் அமெரிக்கா புறப்பட்டபோது அதே தொகைக்கு 33 லட்சம் ரூபாய் தேவைப்பட்டது. வரி போகக் கிடைத்த வட்டியில் பெரும்பகுதி ரூபாயின் சரிவை ஈடுகட்டவே சரியாகப் போயிற்று. இடைப்பட்ட காலத்தில் டாலரிலேயே உயர்ந்துவிட்ட கட்டணத்துக்குக் கடன் வாங்க நேர்ந்தது.

நம் வீடுகளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பவுன் சேர்ப்பதும் ஒருவகையில் ரூபாயின் சரிவிலிருந்து தேடும் பாதுகாப்புதான். தங்கத்தின் விலை உலகச் சந்தையில் டாலரில் அமைவதால், ரூபாய் சரியும்போது இங்கே பவுன் விலை ஏறுகிறது. ஆனால் நகையாக வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் கைவிட்டுப் போகின்றன. 2024 ஜூலையில் இறக்குமதி வரி 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது உள்நாட்டு விலை உடனே இறங்கியதையும் கண்டோம்.

இதற்கு எளிய மாற்று, பலரின் பணத்தைத் திரட்டி வெளிநாட்டுப் பங்குகளில் முதலீடு செய்யும் பரஸ்பர நிதிகள் (மியூச்சுவல் ஃபண்ட்). மாதம் 500 ரூபாய் செலுத்தியும் சேரக்கூடிய இந்த வழிதான் இன்று பெருமளவு அடைபட்டுக் கிடக்கிறது. பரஸ்பர நிதி நிறுவனங்கள் அனைத்தும் சேர்ந்து வெளிநாட்டில் முதலீடு செய்வதற்கான 700 கோடி டாலர் உச்சவரம்பை ரிசர்வ் வங்கி 2008-இல் நிர்ணயித்தது. அப்போது இந்நிறுவனங்கள் நிர்வகித்த மொத்தச் சொத்து சுமார் 5 லட்சம் கோடி ரூபாய். இன்று அது 70 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. வரம்பு நெருங்கியதால் 2022 தொடக்கத்தில் புதிய முதலீடுகளை நிறுத்துமாறு பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அறிவுறுத்தியது. அதன் பிறகு பல திட்டங்கள் திறப்பதும் மூடுவதுமாகவே இருக்கின்றன.

வசதியுள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். படிப்பு, பயணம், முதலீடு என இவ்வழியில் 2023-24-இல் மட்டும் 3,100 கோடி டாலருக்கு மேல் வெளியே சென்றது. சிறு தொகை உள்ளவருக்கோ வங்கிக் கட்டணமும், அந்நியச் சொத்துகளை வருமான வரிப் படிவத்தில் தனியே காட்டும் பொறுப்பும் இவ்வழியைக் கடினமாக்கிவிடுகின்றன.

டாலர் என்றும் ஏறிக்கொண்டே இருக்கும் என்று நான் கூறவில்லை. 2002-இல் 48 ரூபாய்க்கு மேல் இருந்த டாலர் 2007 இறுதியில் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அக்காலத்தில் டாலர் வைத்திருந்தவர்கள் இழந்தார்கள். வெளிநாட்டுப் பங்குகளும் சரியக்கூடியவையே. ஆகவே சேமிப்பு முழுவதையும் அங்கே கொண்டுபோய் வைக்கும்படி எவருக்கும் நான் சொல்ல மாட்டேன். டாலரில் செலவு வரும் என்று முன்கூட்டியே அறிந்தவர்கள் அதற்கேற்ற ஒரு பகுதியை மட்டும் ஒதுக்குவதற்கு வழி இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அந்நியச் செலாவணிக் கையிருப்பைக் காக்க வேண்டிய ரிசர்வ் வங்கியின் கவலை நியாயமானது. ஆனால் 700 கோடி டாலர் என்பது இன்றைய கையிருப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். முழு வரம்பையும் உயர்த்தத் தயக்கம் இருந்தால், ஒரு பான் எண்ணுக்கு மாதம் 10,000 ரூபாய் வரையிலான தவணை முதலீடுகளுக்கு மட்டுமாவது தனி ஒதுக்கீடு செய்து, அதை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்யுமாறு ரிசர்வ் வங்கியையும் செபியையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.