ஐந்தாவது இன்னிங்ஸுக்கு ஆள் வேண்டும்

சிகாகோ வைட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளருக்கு ஒரு திறந்த மடல்

சிகாகோ,
அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய திரு. ஜெர்ரி ரெய்ன்ஸ்டார்ஃப் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 27 அன்று டெட்ராய்ட்டில் நம் அணி இந்தப் பருவத்தின் 121-ஆவது தோல்வியைச் சந்தித்ததையும், 1962-இல் 120 ஆட்டங்களில் தோற்ற நியூயார்க் மெட்ஸ் அணியிடம் அதுவரை இருந்த, நவீன பேஸ்பாலில் ஒரே பருவத்தில் மிக அதிகம் தோற்ற அணி என்ற அவப்பெயர் அன்றோடு நம்மிடம் வந்து சேர்ந்ததையும் தாங்கள் அறிவீர்கள். மெட்ஸ் அணிக்காவது சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. அந்த ஆண்டுதான் பிறந்த அணி அது, மற்ற அணிகள் கழித்துவிட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு ஆடியது. நாமோ 1901 முதல் அமெரிக்கன் லீகில் இருக்கிறோம். ஆனால் அந்த எண்ணிக்கையைச் சொல்லிக் காட்டுவதற்காக நான் எழுதவில்லை. 121-ஆவது ஆட்டம் கைநழுவிய விதத்தில் ரசிகர்கள் ஆறு மாதம் பட்ட பாடு முழுவதும் அடங்கியிருந்தது. அதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே எழுதுகிறேன்.

அன்று நமக்காகப் பந்து வீசத் தொடங்கியவர் காரெட் க்ரோஷே. நான்கு இன்னிங்ஸ் வீசினார், ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. அத்தோடு அவரை அமரவைத்துவிட்டார்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் பந்து வேறு கைக்குப் போனது, டெட்ராய்ட் முன்னிலை பெற்றது, ஆட்டம் 4-1 என்று முடிந்தது. அந்த வெற்றியால் 2014-க்குப் பிறகு முதன்முறையாகப் பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்ற டெட்ராய்ட் வீரர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஷாம்பெயினைப் பீய்ச்சிக்கொண்டிருந்த அதே அரங்கிலிருந்துதான் நம்மவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள்.

க்ரோஷேயின் தோளையும் முழங்கையையும் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2022-இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். 2023-இல் பெரிய லீகில் 13 இன்னிங்ஸ்கூட வீசாதவர். இந்த ஆண்டு 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்டிரைக் அவுட் செய்திருக்கிறார், அதாவது பந்தை அடித்து ஓட விடாமலே வெளியேற்றியிருக்கிறார். இப்படிப்பட்டவரை ஜூலை முதல் நான்கு இன்னிங்ஸோடு நிறுத்திக்கொண்டது விவேகம்தான். ஆனால் ஓர் ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ் உண்டு என்பது முன்கூட்டியே தெரிந்த செய்தி அல்லவா? அவர் இறங்கிய பிறகு மிச்சமிருக்கும் ஐந்தை யார் வீசுவது என்று எவரும் யோசித்ததாகவே தெரியவில்லை. தொடக்க வீச்சாளர் ஐந்து இன்னிங்ஸையாவது முடித்தால்தான் வெற்றி அவர் பெயரில் எழுதப்படும் என்பது விதி; ஆகவே பருவத்தின் பிற்பாதியில் அவர் எவ்வளவு அற்புதமாக வீசினாலும் ஒரு வெற்றிகூட அவர் கணக்கில் சேர வழியில்லை. லீகின் தலைசிறந்த வீச்சாளர்களில் ஒருவர் ஆறு வெற்றி, பன்னிரண்டு தோல்வி என்ற கணக்கோடு பருவத்தை முடித்தது இப்படித்தான்.

அந்த நான்கு இன்னிங்ஸ் முடிந்ததும் ரசிகனுக்கு வரும் வயிற்றுக் கலக்கத்தைத் தங்கள் தனி இருக்கையிலிருந்து உணர முடிகிறதா என்று தெரியவில்லை. மாற்று வீச்சாளர்கள் காத்திருக்கும் புல்பென்னின் கதவு திறக்கும். வருபவர் நான்கு பந்துகளைத் தவறாக வீசி, முதல் ஆளை அடிக்காமலே முதல் தளத்துக்கு வாக் கொடுத்து அனுப்புவார். இரண்டாவது ஆளுக்கும் பந்து அடிக்கத் தகுந்த எல்லைக்கு வெளியேதான் போகும். அரங்கில் பாதிப் பேர் ஸ்கோர் பலகையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வண்டிச் சாவியைத் தேடத் தொடங்குவார்கள். 2005-இல் ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக மார்க் பர்லி, ஜான் கார்லண்ட், ஃப்ரெடி கார்சியா, ஹொசே கொன்ட்ரேராஸ் ஆகிய நால்வரும் அடுத்தடுத்த நான்கு ஆட்டங்களில் ஒன்பது இன்னிங்ஸையும் தாமே வீசி முடித்து, நம்மை உலகத் தொடருக்கு அழைத்துச் சென்றார்கள். அந்த அணியின் உரிமையாளரும் தாங்களே. இன்று நால்வரைக் கேட்கவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸுக்கு ஓர் ஆள், அவருக்குப் பின் எட்டாவது இன்னிங்ஸுக்கு ஓர் ஆள் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

மட்டையாளர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், அவர்களும் சுருக்கமாகவே ஆடியதால். 162 ஆட்டங்களில் 507 ரன். குறைவாக ரன் எடுத்த அணிகளின் பட்டியலில் நமக்கு அடுத்து நிற்கும் அணியே 600-ஐக் கடந்திருக்கிறது. அணியின் மொத்த மட்டைச் சராசரி .221, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 221 முறைதான் ஹிட் (அடித்துத் தளத்தை எட்டுவது). ஏழாவது இன்னிங்ஸ் முடிவில் பின்தங்கியிருந்த ஆட்டம் ஒன்றைக்கூட செப்டம்பர் 24 வரை நாம் மீட்டெடுக்கவில்லை. ஏப்ரலிலிருந்து அதுவரை ஒரே ஒரு முறைகூட நடக்கவில்லை. நம் அணி வரலாற்றிலேயே மிகப் பெரிய ஒப்பந்தம், ஐந்து ஆண்டுகளுக்கு 7.5 கோடி டாலர், ஆண்ட்ரூ பெனின்டெண்டியுடையது. இந்த ஆண்டு அவருடைய சராசரி .229. சென்ற ஆண்டு 38 ஹோம் ரன் அடித்த லூயிஸ் ராபர்ட் காயங்களுக்கு நடுவே 14 அடித்தார். இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் முன்னும் பின்னும் அடிப்பதற்கு ஆள் இல்லாத வரிசையில் எந்த வீச்சாளரும் இவர்களுக்கு நல்ல பந்து போட வேண்டிய அவசியமே இல்லை.

திறமை இல்லாதவர்கள்தான் நம்மிடம் சேர்ந்தார்கள் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ஜூலை 10-இல் தொடங்கி 21 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றோமே, அந்தத் தோல்விகளுக்கு நடுவில்தான், மார்ச்சில் நாம் சான் டியேகோவுக்குக் கொடுத்துவிட்ட டிலன் சீஸ் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒரு முழு ஆட்டத்தை வீசி முடித்தார். நம் சீருடையில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 4.74 ரன் வீதம் கொடுத்துக்கொண்டிருந்த மைக்கேல் கோபெக், ஜூலை இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்குப் போனதும் 1.13 என்று மாறிவிட்டார். அதே கை, அதே வேகம். விமானம் ஏறினால் குணமாகிவிடும் நோய் எது என்று தங்கள் பயிற்சியாளர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

பொது மேலாளர் திரு. கிறிஸ் கெட்ஸ் சென்ற நவம்பரிலேயே இந்த அணி தமக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். நாங்கள் அவருடைய நேர்மையைப் பாராட்டினோம். பிடிக்காத அணியை மாற்றுவார் என்றும் நம்பினோம். மாற்றினார், எங்களுக்கும் பிடிக்காதபடி. ஆகஸ்டில் பயிற்சியாளர் பெட்ரோ க்ரிஃபோலை நீக்கினீர்கள். ஆனால் ஐந்தாவது இன்னிங்ஸில் பந்து வீச வேண்டியவர் அவரில்லை. இந்த நிலை ஒரே இரவில் வரவில்லை, தீர்வும் ஒரே இரவில் வராது என்று தாங்கள் செப்டம்பரில் அறிக்கை விட்டீர்கள். முற்றிலும் உண்மை. 2021-இல் 93 வெற்றிகளோடு பிரிவில் முதலிடம், 2022-இல் 81, 2023-இல் 61, இந்த ஆண்டு 41. இத்தனை இரவுகள் இருந்தனவே ஐயா.

இடையில் புதிய அரங்கம் வேறு வேண்டுமாம். நகர மையத்தை ஒட்டிய தெற்கு லூப்பில் இடம் பார்த்து, பொதுப்பணத்தில் பெருந்தொகை கேட்டு, தாங்களே மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய்ச் சட்டமன்றத் தலைவர்களைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். அணி ஃபுளோரிடாவுக்குப் போய்விடும் என்ற அச்சத்தில், 1988 ஜூன் 30 நள்ளிரவில் சட்டமன்றத்தின் கடிகாரத்தையே நிறுத்தி வைத்து வாக்கெடுத்து, இந்த மாநிலம் கட்டிக் கொடுத்த அரங்கம் 35-ஆவது தெருவில் இன்னும் உறுதியாகத்தான் நிற்கிறது. அங்கே கூரையும் ஒழுகவில்லை, தூணும் ஆடவில்லை. ஆடாமல் நிற்பதில் அவை நம் மட்டை வரிசையை ஒத்திருக்கின்றன என்பதைத் தவிர எனக்கு அவற்றின் மேல் எந்தக் குறையும் இல்லை. புதிய அரங்கின் புல்பென்னிலிருந்து வரப்போகிறவரும் முதல் ஆளை வாக் கொடுத்துத்தான் அனுப்புவார் என்றால், அவருக்கு நதிக்கரையும் வானளாவிய கட்டடங்களின் பின்னணியும் எதற்கு?

கோபம் சற்று மிஞ்சிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசி வாரம் ஏஞ்சல்ஸ் அணியோடு நடந்த ஆட்டங்களின்போது நம் ரசிகர்கள் தங்களை நோக்கி அணியை விற்றுவிடும்படி முழக்கமிட்டதும், சாதனைத் தோல்வியை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றே சிலர் வந்திருந்ததும் தங்கள் காதுக்கு எட்டியிருக்கும். அணியோ அந்த மூன்று ஆட்டங்களையும் வென்று அவர்களை ஏமாற்றியது. சொந்த மண்ணில் சொந்த அணி வென்றதற்காக ரசிகன் ஏமாந்து போகும் நிலைக்கு எங்களைக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்பதை மட்டும் பணிவோடு பதிவு செய்கிறேன். அணியை விற்பதா வேண்டாமா என்பது தங்கள் உரிமை, அதில் நான் தலையிடவில்லை.

என் கோரிக்கை ஒன்றே. அரங்கத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை பேசுவதற்கு முன், ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்து பந்தெடுக்கத் தகுந்தவர்களையும், மட்டை வரிசையின் நடுவில் நிற்கத் தகுந்த இருவரையும் இந்தக் குளிர்காலத்திலேயே பணம் கொடுத்து எடுங்கள். வளர்ந்துவரும் சிறுவர்களைக் காட்டி 2027 வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். அவர்கள் வளரட்டும், அதுவரை ஆடுவதற்கும் ஆட்கள் வேண்டுமல்லவா? க்ரோஷேயைப் பல அணிகள் விலை கேட்பதாகப் பேச்சு அடிபடுகிறது. அவரையும் அனுப்பிவிட்டால், ஐந்தாவது இன்னிங்ஸுக்கு மட்டும் ஆள் கேட்டுக்கொண்டிருக்கும் நாங்கள் முதல் இன்னிங்ஸுக்கே ஆள் கேட்க வேண்டியிருக்கும். டிசம்பரில் டல்லாஸில் நடக்கவிருக்கும் குளிர்காலக் கூட்டத்துக்குத் திரு. கெட்ஸ் கிளம்பும்போது, விற்க வேண்டியவர்களின் பட்டியலோடு வாங்க வேண்டியவர்களின் பட்டியல் ஒன்றையும், அதற்கான பணத்தையும் அவர் கையில் கொடுத்தனுப்புமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தெற்குச் சிகாகோவிலிருந்து ஒரு வைட் சாக்ஸ் ரசிகன்