தள்ளப்பட்ட மனைவியல்ல இஸ்ரவேல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பைபிளின் பழைய ஏற்பாட்டில் வரும் ஓசியா தீர்க்கதரிசியைப் பற்றி வெளியான கட்டுரையை வாசித்தேன். தேவாலயப் பிரசங்கங்களுக்கு வெளியே அதிகம் பேசப்படாத ஒரு நூலைப் பொது வாசகர்முன் கொண்டுவந்ததற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால், கடவுளைக் கணவராகவும் இஸ்ரவேலை அவருக்குத் துரோகம் செய்த மனைவியாகவும் காட்டும் அந்த உருவகத்தை விரிவாக விளக்கிய கட்டுரையாளர், கடவுள் இஸ்ரவேலைத் தள்ளிவிட்டுத் திருச்சபையைப் புதிய மணவாட்டியாக ஏற்றுக்கொண்டார் என்று முடித்திருக்கிறார். இந்த முடிவுக்கு ஓசியாவின் நூலில் இடமில்லை. அந்த நூல் எந்த முடிவோடு போராடி அதை மறுக்கிறதோ, அதையே அதன் தலையில் கட்டியிருக்கிறார் என்பது என் கருத்து.

ஓசியா பேசத் தொடங்கியது கி.மு. எட்டாம் நூற்றாண்டில், வட இஸ்ரவேலை இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட காலத்தில். அது நாட்டுக்குச் செழிப்பான காலம். தலைநகரான சமாரியாவில் 1910-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட, மையால் எழுதப்பட்ட மட்பாண்ட ஓடுகள், எந்த ஊரிலிருந்து யார் கணக்கில் ஒரு ஜாடி பழைய திராட்சரசமோ சுத்தமான எண்ணெயோ வந்தது என்பதைக் குறித்துவைத்திருக்கின்றன. அந்த ஓடுகள் அந்த நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் வரும் ஆட்பெயர்களில் கர்த்தரின் பெயரைத் தாங்கியவையும் உண்டு, பாகாலின் பெயரைத் தாங்கியவையும் உண்டு. ஓசியா 2-ஆம் அதிகாரத்தில் அந்த மனைவி, தனக்கு அப்பமும் தண்ணீரும் ஆட்டுமயிரும் பஞ்சும் எண்ணெயும் பானமும் தருகிறவர்கள் தன் நேசர்களே என்று சொல்லி அவர்கள் பின்னால் போகிறாள் அல்லவா? அந்த வசனத்தை இந்த ஓடுகளோடு சேர்த்து வாசித்தால், துரோகம் என்று தீர்க்கதரிசி எதைச் சொல்கிறார் என்பது தெளிவாகிவிடும். பாகால் மழையின் தெய்வம். சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் கிடைத்துவரும் களிமண் பலகைகளில், பாகால் மாண்டால் வயல்கள் வறள்வதும், அவன் உயிரோடிருப்பதன் அடையாளமாக வானம் எண்ணெயைப் பொழிந்து ஓடைகளில் தேன் ஓடுவதும் பாடப்பட்டிருக்கின்றன. வயலையும் தோட்டத்தையும் கொடுத்தவர் ஒருவராயிருக்க, நன்றி வேறொருவர் வாசலுக்குப் போயிற்று. கணவரின் மனக்குறை அங்கேதான் தொடங்குகிறது. தானியத்தையும் திராட்சரசத்தையும் எண்ணெயையும் கொடுத்தவர் தாமே என்பதை அவள் அறியவில்லை என்று அவர் சொல்லும் இடத்தில் கோபத்தைவிட மனத்தாங்கலே மேலோங்கி நிற்கிறது.

கட்டுரையாளர் அறவே தொடாமல் விட்ட ஒன்று, இந்த உருவகத்தில் மனைவியின் இடத்தில் நிறுத்தப்பட்டவர்கள் யார் என்பது. குற்றம் சாட்டப்பட்டு நிற்பவர்கள் அரசர்களும் ஆசாரியர்களும் ஊர்ப் பெரியவர்களும். அதாவது, தங்கள் வீட்டில் கணவர்களாக அதிகாரம் செலுத்தி வந்த ஆண்கள். நான்காம் அதிகாரத்தில், மகள்களும் மருமகள்களும் கற்புநெறி தவறுவதற்காக அவர்களைத் தண்டிக்கப் போவதில்லை என்றும், ஆண்களே வேசிகளோடு தனியே போய் அவர்களோடு பலியிடுகிறார்கள் என்றும் கடவுள் வெளிப்படையாகவே சொல்கிறார். கட்டுரையின் நடுவே குடும்பப் பெண்களுக்கு அறிவுரையாக நீண்டதொரு பத்தியைச் சேர்த்திருப்பவர் இந்த ஒரு வசனத்தையாவது படித்திருக்கலாம்.

துரோகம் வழிபாட்டோடு நிற்கவில்லை. அது அரசியலிலும் நடந்தது. யெரொபெயாமுக்குப் பின் சமாரியாவில் ஆறு பேர் அரசாண்டனர். அவர்களில் நால்வர் கொலையுண்டனர். அந்த அறுவரில் ஒருவனான மெனாகேம் தன் ஆட்சியைக் காப்பாற்றிக்கொள்ள அசீரிய மன்னனுக்கு ஆயிரம் தாலந்து வெள்ளி கொடுத்தான். அதைச் செல்வந்தர்களிடம் ஆளுக்கு 50 சேக்கல் வீதம் வசூலித்தான் என்று இரண்டாம் இராஜாக்கள் நூல் கூறுகிறது. எகிப்தைக் கூப்பிடுவதும் அசீரியாவிடம் ஓடுவதுமாக இருந்த இந்த நாட்டைத்தான் ஓசியா பேதைப் புறா என்று அழைத்தார். அக்கால ஒப்பந்தங்களில் அன்பு என்பது வெறும் உணர்ச்சி அல்ல என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஓசியாவுக்குப் பிற்பட்ட கி.மு. 672-இல் அசீரியப் பேரரசன் எசர்ஹத்தோன் சிற்றரசர்களிடம் வாங்கிய ஆணைப்பத்திரம், இளவரசன் அசூர்பானிபாலைத் தங்கள் உயிரைப் போல நேசிக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அப்படிப்பட்ட உலகில் உடன்படிக்கையைத் திருமணமாகக் காட்டிய துணிச்சலே ஓசியாவின் தனித்தன்மை. ஒப்பந்தத்தை மீறிய சிற்றரசனைப் பேரரசன் படை அனுப்பி அழிப்பான். அத்தோடு விவகாரம் முடிந்துவிடும். கணவனுக்கு அப்படி முடிவதில்லை.

ஓசியாவின் மனைவி கோமேருக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளுக்கும் இடப்பட்ட பெயர்களைக் கட்டுரை சரியாகவே விளக்கியிருக்கிறது: யெகூ அரசன் சிந்திய இரத்தத்தை நினைவூட்டும் யெஸ்ரயேல், இரக்கம் பெறாதவளான லோருகாமா, என் ஜனமல்ல என்று பொருள்படும் லோகம்மீ. அவள் தமக்கு மனைவியுமல்ல, தாம் அவளுக்குக் கணவருமல்ல என்று இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் கடவுள் சொல்லும் வார்த்தைகள் மணமுறிவு அறிவிப்பைப் போல ஒலிக்கின்றன என்பதையும் நான் மறுக்கவில்லை. கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது. அதே அதிகாரம் அதற்கப்பால் இரண்டு முறை தண்டனையை அறிவிக்கிறது: முதலில் அவள் வழியை முள்ளுகளால் அடைப்பேன் என்கிறார், பிறகு தானியத்தையும் திராட்சரசத்தையும் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்கிறார். அவள் நேசர்கள்முன் அவளை அவமானப்படுத்துவேன் என்ற கொடிய சொற்களும் அங்கே உண்டு. அவற்றை மென்மையாக்கிப் பேச எனக்கு மனமில்லை. மூன்றாம் முறை அதே தோரணையில் வாக்கியம் தொடங்கும்போது, இதைவிடக் கடுமையான தீர்ப்பு வரப்போகிறது என்றே கேட்பவன் எதிர்பார்த்திருப்பான். ஆனால் கணவர் அவளுக்கு நயங்காட்டி வனாந்தரத்துக்கு அழைத்துப்போய் அவளோடு மனதாரப் பேசுவேன் என்கிறார். யோசுவாவின் நாளில் ஆகான் கல்லெறியுண்டு மாண்ட ஆகோர் பள்ளத்தாக்கையே நம்பிக்கையின் வாசலாக்கிக் கொடுப்பேன் என்றும், என்றென்றைக்குமாக அவளைத் தமக்கு மணமகளாக நியமித்துக்கொள்வேன் என்றும் சொல்கிறார். பிள்ளைகளின் பெயர்களும் அதே அதிகாரத்தின் முடிவில் தலைகீழாக மாற்றப்படுகின்றன.

மூன்றாம் அதிகாரம் வெறும் ஐந்து வசனங்கள். வேறொருவனால் நேசிக்கப்படும் ஒரு பெண்ணை மறுபடியும் நேசிக்கும்படி ஓசியாவுக்குக் கட்டளை வருகிறது. அவள் பெயர் அங்கே சொல்லப்படவில்லை. கோமேர்தான் என்பது பெரும்பாலோர் கருத்து. அவளை 15 வெள்ளிக்காசுக்கும் ஒன்றரைக்கலம் வாற்கோதுமைக்கும் வாங்குகிறார். மோசேயின் சட்டம் ஓர் அடிமையின் உயிருக்கு வைத்த ஈடு 30 வெள்ளிச் சேக்கல் என்பதால், கையில் பாதித் தொகைதான் இருந்தது, மீதியைத் தானியமாக அளந்து கொடுத்தார் என்று உரையாசிரியர்கள் பலர் கருதுகின்றனர். தள்ளிவிட நினைத்தவன் இப்படி வெள்ளியும் வாற்கோதுமையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருக்க மாட்டான்.

தமிழ் இலக்கியம் பயின்ற வாசகர்களுக்கு இவ்விடத்தில் மருதத்திணை நினைவுக்கு வரும். பரத்தையரிடம் போனவன் தலைவன். ஊடி நிற்பவள் தலைவி. இறுதியில் மனமிரங்குபவளும் அவளே. ஓசியாவில் அந்த ஊடலும் நோவும் இரக்கமும் கடவுளிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. எல்லாம் வல்லவரைக் கைவிடப்பட்டவரின் இடத்தில் நிறுத்தியது எத்தனை பெரிய துணிவு என்பதை, மருதப் பாடல்களைப் படித்தவர்கள் மற்றவர்களைவிட விரைவாகவே உணர்வார்கள்.

கட்டுரையாளர் தம் முடிவுக்கு ஆதாரமாக எரேமியா 3:8-ஐக் காட்டுகிறார். வட இஸ்ரவேலுக்குக் கடவுள் தள்ளுதற்சீட்டு, அதாவது மணவிலக்குப் பத்திரம், கொடுத்ததாக அங்கே சொல்லப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் அதே அதிகாரத்தின் முதல் வசனம் உபாகமம் 24-இல் உள்ள ஒரு சட்டத்தை நினைவூட்டித் தொடங்குகிறது. ஒருவன் தள்ளிவிட்ட மனைவி வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்டபின், முந்தின கணவன் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. அப்படிச் செய்தால் தேசமே தீட்டுப்படும் என்பது சட்டம். இந்தச் சட்டத்தைச் சொல்லி, நீயோ அநேகரோடு சோரம்போனாய் என்றும் குற்றஞ்சாட்டிய பிறகு, 12-ஆம் வசனத்தில் திரும்பி வா என்றும், 14-ஆம் வசனத்தில் நான் உங்கள் நாயகர் என்றும் அதே கடவுள் அழைக்கிறார். தாமே கொடுத்த சட்டத்தின்படி தமக்குத் திறவாத கதவை அவரே திறக்கிறார் என்பதுதான் எரேமியாவின் வாதம். அதிலிருந்து தள்ளுதற்சீட்டை மட்டும் கிழித்தெடுத்துக்கொண்டு போவது நேர்மையான வாசிப்பாகாது. ஏசாயா 50-ஆம் அதிகாரமோ, உங்கள் தாயின் தள்ளுதற்சீட்டு எங்கே என்று நேரடியாகவே கேட்கிறது. இமைப்பொழுது கைவிட்டேன், ஆனாலும் உருக்கமான இரக்கங்களால் சேர்த்துக்கொள்வேன் என்று 54-ஆம் அதிகாரம் பதில் தருகிறது.

எசேக்கியேல் 16-ஆம் அதிகாரம் இவை எல்லாவற்றிலும் கடுமையானது. தொப்புள்கொடி அறுக்கப்படாமல், குளிப்பாட்டப்படாமல் வெளியே எறியப்பட்ட பெண்குழந்தையாக எருசலேமைக் காட்டி, அவளை எடுத்து வளர்த்து மணந்தவருக்கு அவள் செய்த துரோகத்தை அது கேட்கக் கூசும் சொற்களில் விவரிக்கிறது. யூதர்களுக்கே இது சங்கடமாகத்தான் இருந்தது; அந்த அதிகாரத்தை ஜெப ஆலயத்தில் வாசிக்க வேண்டாம் என்ற ரபி எலியேசரின் கருத்து யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பதிவாகியிருக்கிறது. அந்த அதிகாரமும் நித்திய உடன்படிக்கையின் வாக்குறுதியில்தான் முடிகிறது.

யூத ரபிகளின் விளக்கத் தொகுப்பான தல்மூத்தில், பெசாகிம் என்னும் பகுதியில், ஓசியாவைப் பற்றி ஒரு விளக்கக் கதை உண்டு. உன் பிள்ளைகளான இஸ்ரவேலர் பாவம் செய்தார்கள் என்று கடவுள் ஓசியாவிடம் சொல்கிறார். அவர்கள் உம்முடைய பிள்ளைகள், இரங்கும் என்று ஓசியா மன்றாடியிருக்க வேண்டும். அதற்கு மாறாக, அவர்களை விட்டுவிட்டு வேறொரு ஜாதியைத் தெரிந்துகொள்ளும் என்று அவர் யோசனை சொல்கிறார். அதன் பிறகே, போய் ஒரு வேசியை மணந்துகொள் என்ற கட்டளை அவருக்கு வருகிறது. பிள்ளைகள் பிறந்தபின் மனைவியை விலக்கிவிடும்படி கடவுள் சொல்ல, அவளிடம் எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களே, எப்படி விலக்குவேன் என்கிறார் ஓசியா. அதற்குக் கடவுளின் பதில்: பிள்ளைகள் உன்னுடையவர்கள்தாமா என்றுகூட உனக்குத் தெரியாது. அப்படியிருந்தும் உன்னால் முடியவில்லை. ஆபிரகாமின் வழிவந்த என் மக்களை மட்டும் மாற்றிவிடு என்றாயே என்று கேட்கிறார். நம் கட்டுரையாளரின் முடிவு, அந்தக் கதையில் ஓசியா முதலில் சொல்லிக் கண்டிக்கப்பட்ட அதே யோசனைதான்.

தள்ளப்பட்டவர்கள் என்று அவர் எழுதும் மக்கள், வாரநாள் காலைத் தொழுகையில் வேதவாக்கியங்கள் அடங்கிய, கையில் கட்டும் சிறு பேழையின் தோல்வாரை நடுவிரலில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு, என்றென்றைக்குமாக உன்னை எனக்கு நியமித்துக்கொள்வேன் என்ற ஓசியாவின் வசனங்களை இன்றும் சொல்கிறார்கள். கிறிஸ்தவத் தரப்பிலும் பவுல் அப்போஸ்தலர், ரோமர் 9-இல் ஓசியாவின் வசனங்களை யூதரல்லாத புறஜாதியாருக்கு விரித்துப் பொருத்திக் காட்டியவர், 11-ஆம் அதிகாரத்தில் கடவுள் தம் ஜனங்களைத் தள்ளிவிட்டாரோ என்று தாமே கேட்டு, இல்லை என்று உறுதியாக மறுக்கிறார். யூதர்களைக் கடவுளால் தள்ளப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ சித்திரிக்கக் கூடாது என்று 1965-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அறிவித்தது. நான் சொல்வது இன்றைய இஸ்ரேல் அரசின் நடவடிக்கைகளுக்கு ஆதரவான வாதமன்று. ஆள்வோரின் அநீதியைக் கண்டித்த ஓசியாவை எந்த அரசும் தனக்குச் சாட்சியாக அழைக்க முடியாது.

கட்டுரையாளர் இந்தத் தொடரை மேலும் எழுதுவதாக அறிவித்திருப்பதால் ஒரு வேண்டுகோள். எரேமியா 31-இல் வாக்களிக்கப்படும் புதிய உடன்படிக்கை, இஸ்ரவேல் வம்சத்தோடும் யூதா வம்சத்தோடும் செய்யப்படுவதாகவே அந்த வசனம் கூறுகிறது. முன்னைய மனைவி தள்ளப்பட்டிருந்தால் அவள் பெயரையே குறிப்பிட்டு அந்த உடன்படிக்கை எழுதப்படுவானேன் என்பதை அவர் அடுத்த பகுதியில் விளக்க வேண்டும். ஓசியாவின் 14-ஆம் அதிகாரத்தையும் அவர் தவிர்க்காமல் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்