சங்கத்து மினிட் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நாகர்கோவிலைச் சுற்றிப் புதுப்புது நகர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நகர் வந்தால் கூடவே ஒரு குடியிருப்போர் நலச் சங்கமும் வந்துவிடுகிறது. தெருவிளக்கு, ஓடை, குடிநீர் என்று எல்லாவற்றுக்கும் அந்தச் சங்கம்தான் அலைகிறது. ஆனால் சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், சங்க விதிகள் அடங்கிய பைலா, கூட்டத் தீர்மானங்களை எழுதிவைக்கும் மினிட் புத்தகம், ரசீது அடிக்கட்டைகள் எல்லாம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், 'செயலாளர் வீட்டில் இருக்கும்' என்பார்கள். எந்தச் செயலாளர் என்று கேட்டால் பதில் வராது.

எங்கள் நகரில் முன்பு செயலாளராக இருந்த பெரியவர் காலமானபின் வீட்டைக் காலி செய்தார்கள், பழைய தாள்களோடு சங்கத்துக் கட்டும் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்கு, போய்விட்டது. அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல மாட்டேன், அது சங்கத்துச் சொத்து என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அப்புறம் லேஅவுட்டில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தை ஒட்டி மதில் தகராறு வந்தபோதுதான் இழப்பு புரிந்தது. அந்த இடத்தின் தானப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கிவிட்டோம், பைலாவுக்கும் மாவட்டப் பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. ஆனால் எல்லைக்கல் எங்கே நட்டோம், யார் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள் என்று எழுதிய தீர்மானம் மினிட் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது, அதற்கு மறுநகல் தர எந்த அலுவலகமும் கிடையாது. முதலில் காப்பாற்ற வேண்டியது அதைத்தான், ஆனால் நாம் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு மினிட் புத்தகத்தைப் பரணில் போடுகிறோம்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடலோரமென்றால் உப்புக்காற்று வேறு. குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடித்துத் தாளையே தின்றுவிடும், ரப்பர் பேண்ட் இளகி ஒட்டிக்கொள்ளும், சுவரோடு ஒட்டிய அலமாரி என்றால் செல்லு (கரையான்) கீழிருந்து ஏறும். 2021 நவம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நனைந்த ஒரு சங்கத்துப் புத்தகத்தைப் பார்த்தேன். பால்பாயிண்ட் பேனாவில் போட்ட கையெழுத்துகள் அப்படியே நின்றன, மைப்பேனாவில் எழுதிய பக்கங்கள் முழுக்க நீலக்கறை. ஒட்டிப்போன ஏடுகளை ஈரத்தோடு பிய்த்ததில் இன்னும் பாழானது, ஃபேன் காற்றில் மெதுவாக உலர விட்டிருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். அசல் பத்திரங்களுக்கு லேமினேஷன் போடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள், ஒருமுறை போட்டால் தாளுக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடியாது. ஏடிஎம் சீட்டு மாதிரி வழவழப்பான ரசீதுகள் கொஞ்ச நாளில் வெளுத்துவிடும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும்.

'எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கிறதே' என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். போன் மாறினால் அது போச்சு. ஸ்கேன் எடுங்கள், ஆனால் செயலாளரின் சொந்த மெயிலில் வேண்டாம், சங்கத்தின் பேரில் ஒரு மெயில் திறந்து அதில் ஏற்றி, பாஸ்வேர்டு இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கட்டும். பென்டிரைவ் ஒன்றில் இன்னொரு நகல் எடுத்து வேறொரு வீட்டில் வைக்கலாம், ஒரே அலமாரிக்குள் அசலும் நகலும் இருந்தால் மழைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் போகும். உறுப்பினர்களின் ஆதார் நகல்களை மட்டும் குரூப்பில் போடாதீர்கள்.

நாஞ்சில் நாட்டின் பழைய நிலவரம் நமக்குத் தெரிவதற்கு அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் பெரிய காரணம். ஒரு குடும்பம் ஓலையையே தலைமுறை தலைமுறையாகக் காத்த ஊரில், நம்மால் இருபது வருடத்துத் தாளைக் காக்க முடியாதா?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி நிர்வாகிகள் மாறினால் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவத்தோடு, பழைய செயலாளர் புதியவரிடம் என்னென்ன ஒப்படைத்தார் என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு பட்டியலையும் பதிவுத்துறை கேட்டு வாங்கினால் நன்றாக இருக்கும். அதுவரை ஒவ்வொரு சங்கமும் அடுத்த பொதுக்குழுவிலேயே இதைத் தீர்மானமாகப் போடலாம்: இரும்பு அலமாரி, இரண்டு சாவி, ஒப்படைப்புப் பட்டியல். நிர்வாகிகள் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், அந்தக் கட்டு யாருடையது என்று.

இப்படிக்கு,
நலச் சங்க உறுப்பினர் ஒருவர்,
நாகர்கோவில்.