அந்தத் தையல் சோறு போட்டது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அகதிகளின் பிள்ளைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லாவோஸ் மலைகளிலிருந்து அகதிகளாக வந்த மோங் இனத்து இளைஞர்கள் எழுத்து, ஓவியம் என்று போகப் பெற்றோரே தடை என்ற வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயிண்ட் பால் நகரில் பதினோரு ஆண்டுகளாக மோங் குடும்பங்களுக்கு நடுவே வசிக்கிறேன். "கலை சோறு போடுமா?" என்று அந்த வீடுகளிலும் கேட்கிறார்கள்தான். ஆனால் அவர்களுக்குக் கலை சோறு போட்டிருக்கிறது.

எதிர்வீட்டுப் பாட்டியின் கூடத்தில் ஒரு நீலத் துணி தொங்குகிறது. குறுக்கே மீகாங் ஆறு. மூங்கிலைப் பற்றிக்கொண்டு நீந்துகிறவர்கள், முதுகில் குழந்தையோடு ஒரு பெண், கரையில் துப்பாக்கியுடன் சிப்பாய்கள். எல்லாம் ஊசிநூல் வேலை. ஒவ்வொரு முகமும் மிளகளவுதான். லாவோஸில் அமெரிக்க உளவுத்துறை நடத்திய ரகசியப் போரில் மோங் ஆண்கள் ஆயிரக்கணக்கில் போரிட்டார்கள். 1975இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் குடும்பம் குடும்பமாக மீகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்கு ஓடினார்கள். பூத்துணி என்று பொருள்படும் 'பாண்டாவ்' அவர்களுடைய பரம்பரைத் தையல். அங்கே அகதி முகாம்களில்தான் பெண்கள் அதில் போரையும் ஓட்டத்தையும் தைத்து விற்கத் தொடங்கினார்கள். பாட்டியும் அந்தக் காசில்தான் பிள்ளைகளுக்கு முட்டை வாங்கினாராம்.

தாய்லாந்தின் பான் வினாய் முகாமில் 1980இல் பிறந்தவர் மோங் எழுத்தாளர் காவ் கலியா யாங். மினசோட்டாவுக்கு வந்து பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலத்தில் வாயே திறக்காத அந்தக் குழந்தை, 2008இல் தன் குடும்பத்தின் கதையை ஆங்கிலத்திலேயே புத்தகமாக்கினார். அவருடைய தந்தை ஆலைத் தொழிலாளி. மோங் மரபில் பாட்டுக் கட்டிப் பாடும் கவிஞரும்கூட. மகள் எழுதிய தந்தையின் வாழ்க்கை 2023இல் ஓபெரா என்ற இசை நாடகமாக மேடையேறியது. கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரைச் சேர்ந்த மோங் கவிஞர் மாய் டேர் வாங் எழுதிய கவிதைத் தொகுப்பு 2022இல் புலிட்சர் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தது.

பெற்றோரிடம் பயம் இருக்கிறது, மறுக்கவில்லை. எட்டு வயதிலேயே மருத்துவமனையில் தாய்க்கு மொழிபெயர்த்த பிள்ளை ஓவியம் படிக்கிறேன் என்றால் வீடு கலங்கத்தான் செய்யும். அதைத் தடை என்று எழுத எனக்கு மனம் வராது.

எதிர்வீட்டுப் பேத்தியும் ஓவியம்தான் படிக்கிறாள். மருந்தியல் படிக்கச் சொல்லி நெடுநாள் சண்டை நடந்தது. போன மாதம், தான் வரைந்த ஆற்றைப் பாட்டியிடம் காட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்த பாட்டி, தண்ணீர் இன்னும் கறுப்பாக இருக்க வேண்டும் என்றார். அவர்கள் கடந்தது இரவில்.

தங்கள் வாசகி,
செயிண்ட் பால், மினசோட்டா