அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்

ஹமில்ரன், கனடா
பெப்ரவரி மாதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் அக்கா குடும்பத்தாரும் நலமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். உங்கள் கடிதம் சென்ற கிழமை வந்து சேர்ந்தது. தொலைபேசியில் நான் பேசுவது உங்கள் காதில் சரியாக விழுவதில்லை என்பதால் இப்போதும் நீங்கள் கடிதம் எழுதுவது எனக்கு நல்லதாகவே இருக்கிறது. உங்கள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு ஆறுதலாகப் பதில் எழுத முடிகிறது.

அக்காவின் கைத்தொலைபேசியில் என் படத்தைப் பார்த்த அம்மா, “இவன் ஏன் போய்ப் பொம்மருக்குப் பக்கத்தில் நிற்கிறான்?” என்று கேட்டு அழுததாக எழுதியிருக்கிறீர்கள். சகடை என்று நாம் சொல்லும் குண்டுபோடும் விமானம் வந்து தலைக்குமேல் சுற்றும்போது அக்காவையும் என்னையும் இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கியவர் கேட்கும் கேள்வி அது. அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகையால் இந்தக் கடிதத்தை ஆறுதலாக, முழுவதுமாக அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இங்குள்ள பழைய போர்விமானங்களின் அருங்காட்சியகத்தில் எடுத்த அந்தப் படத்தில் எனக்குப் பின்னால் நிற்பது கடலைக் கண்காணிப்பதற்காகக் கட்டப்பட்ட ஒரு பறக்கும் படகு. நீரிலும் இறங்கும், சில்லுகளை வெளியே விட்டுத் தரையிலும் இறங்கும். உலகம் கற்றலீனா என்று சொல்லும் இந்த விமானத்தைக் கனடியர் கன்சோ என்பார்கள். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி இதே வகை விமானம் ஒன்று நமது கொக்கல வாவியிலிருந்து எழுந்து தெற்கே சென்று, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த யப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அதை ஓட்டிய லெனாட் பேர்ச்சால், இங்கிருந்து நயாகராவுக்குப் போகும் வழியில் உள்ள சென். கதரீன்ஸ் என்ற ஊரிற் பிறந்தவர். வானொலியிற் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஒன்பது பேரில் ஆறு பேர் உயிர் தப்பி, போர் முடியும்வரை யப்பானிற் கைதிகளாக இருந்தார்கள். அந்தச் செய்தி கிடைத்தபடியால், மறுநாள் ஈஸ்ரர் ஞாயிறு காலை கொழும்பின்மேல் குண்டு விழுந்தபோது துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் ஏற்கெனவே வெளியேறியிருந்தன. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைக்கு அடித்த கதையை அப்பு திண்ணையில் இருந்து எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! அந்த நாள்களில் நம் பக்கத்துக்காகக் காவல் பறந்தவை இந்த விமானங்கள் என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

இனி அந்த அருங்காட்சியகத்திற் சனிக்கிழமைகளில் நான் செய்யும் வேலையைப் பற்றி எழுதுகிறேன். சீமெந்துத் தொழிற்சாலையில் பிற்றராக இருந்த உங்களுக்கு இது பிடிக்கும் என்று தெரியும். கோடையில் இந்த விமானங்கள் பறக்கும். மாரியில் பனி கொட்டும் மாதங்களில் அவற்றைக் கழற்றிப் பார்த்துச் செப்பனிடுவோம். கன்சோவின் சிறகு முழுவதும் உலோகம் என்றே நானும் நினைத்திருந்தேன், ஆனால் அதன் பின்பாதி துணியால் போர்த்தப்பட்டது. முற்காலத்திற் பருத்தித் துணியும் லினனும் பயன்பட்டன. இப்போது பொலியெஸ்ரர்த் துணியை ஒட்டி, வெப்பம் அளந்து வைத்த இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துச் சுருங்கவைத்து இழுபடச் செய்கிறோம். பிறகு நீண்ட ஊசியில் மெழுகு நூல் கோத்து, துணியை விலா எலும்பு போன்ற சட்டங்களோடு மேலும் கீழுமாகத் தைக்க வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சுப் போடுவதால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றவை கழன்று போகா. மயிலிட்டியில் வலை பொத்துகிறவர்களின் கையில் நான் பார்த்து வளர்ந்த முடிச்சுக்கு மிகவும் நெருங்கிய முடிச்சு அது. எனக்கு அது உடனே கைவந்ததைப் பார்த்துக் கூட இருந்தவர்கள் வியந்தார்கள்.

றிவெற் ஆணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலுக் கூடிய சில ஆணிகளைச் சூளையிற் சூடாக்கி நீரில் அமிழ்த்தியவுடன் உறைபெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். அந்த அலுமினியக் கலவை சூடாக்கி ஆற்றிய பின்னர் சாதாரண வெப்பநிலையில் தானாகவே இறுகிக்கொண்டு போகும். குளிரில் வைத்தால் இறுகுவது தாமதமாகும். வெளியே எடுத்தால் சில நிமிடங்களுக்குள் அடித்து முடிக்க வேண்டும், அதற்குமேல் அடித்தால் தலை வெடித்துவிடும். ஒருவர் வெளியே நின்று அடிக்க, மற்றவர் சிறகின் உள்ளே படுத்துக்கொண்டு இரும்புக் கட்டையைப் பிடிப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, சத்தத்திற் பேச்சும் கேட்காது. உள்ளே இருப்பவர் கட்டையால் இரண்டு தட்டுத் தட்டினால் ஆணி சரியாக இருக்கிறது என்று பொருள். செய்த ஒவ்வொன்றையும் எழுதி ஒப்பமிட வேண்டும். அனுமதிப்பத்திரம் பெற்ற பொறியியலாளர் பார்த்து ஒப்பமிடாமல் ஒரு மூடியையும் பூட்ட முடியாது. இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எஞ்சின் வேலை இன்னும் நுட்பமானது. கன்சோவின் ஒவ்வோர் எஞ்சினிலும் பதினான்கு சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக வட்டத்தில் இருக்கின்றன. நிறுத்தி வைத்திருக்கும்போது எண்ணெய் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அப்படியே முடுக்கினால், திரவம் அமுங்காது என்பதால் இணைதண்டு வளைந்துவிடும். ஆகையால் முடுக்குவதற்கு முன் விசிறியைக் கையால் மெல்லச் சுற்றி, தடை தெரிகிறதா என்று பார்க்கிறோம். சைக்கிள் பம்பின் வாயைப் பொத்தி, உள்ளே தண்ணீர் இருந்தால் தண்டு இறங்காது என்று நீங்கள் எனக்குக் காட்டித் தந்ததை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போகிறவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஒரு காலத்தில் விமானப்படையில் எஞ்சின் பார்த்தவர், மனைவி இறந்துவிட்டார். எஞ்சினைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசமாட்டார். பனி அள்ளும்போது என் வாசலையும் சேர்த்து அள்ளிவிட்டு, நன்றி சொல்வதற்குள் உள்ளே போய்விடுவார். குஞ்சியம்மா இடித்துக் கொடுத்துவிட்ட மிளகாய்த்தூளைப் போட்டு ஒரு நாள் கணவாய்க் கறி வைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவித்த உருளைக்கிழங்குக்கும் அந்தத் தூளையே தூவிச் சாப்பிடுகிறார். குளிரைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். பழைய வீட்டை விட்டு நிலக்கீழ் அறை ஒன்றுக்கு மாறியிருக்கிறேன். சிறியதுதான், ஆனால் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் சுவருக்கு அப்பால் இருப்பதால் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஒருவருக்குச் சமைப்பதும் இலகு.

சனிக்கிழமை வேலைக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். இந்த அருங்காட்சியகத்தில் வேலை செய்பவர்களிற் பெரும்பாலானோர் தொண்டர்கள். நானும் அப்படித்தான் சேர்ந்திருக்கிறேன். கிழமை நாள்களில் இரவு வேலை இருக்கிறது. இப்போது அங்கே நேரத்தைச் சற்றுக் குறைத்திருக்கிறார்கள், அதனால் நன்றாக நித்திரை கொள்ள முடிகிறது.

படத்தின் ஓரத்திற் கறுத்த வயிற்றோடு தெரிவது லங்காஸ்ரர். அது பொம்மர்தான், அம்மாவிடம் அதை மறைக்க நான் விரும்பவில்லை. சிறகின் அகலம் 102 அடி, மேர்லின் எஞ்சின்கள் நான்கு, குண்டு வைக்கும் வயிறு மட்டும் 33 அடி நீளம். 1945இல் மோல்ரனில் கட்டப்பட்டது. ரொறன்ரோவுக்கு வரும் நம்மவர்கள் எல்லோரும் வந்திறங்கும் விமான நிலையம் இருப்பது அந்த மோல்ரனில்தான். உலகமெங்கும் 7,377 கட்டப்பட்டு, இன்று பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டே. ஒன்று இங்கிலாந்தில், மற்றது இங்கே. போருக்குப் பின் கடற்காவலுக்குப் பயன்பட்டு, ஓய்வுபெற்று, கோடரிச் என்ற ஏரிக்கரை ஊரில் காட்சிக்காகப் பல ஆண்டுகள் வெயிலிலும் பனியிலும் கிடந்த இந்த விமானத்தை, இங்குள்ளவர்கள் கொண்டுவந்து 1988இல் மீண்டும் பறக்கவைத்தார்கள்.

சென்ற கோடையில் அதன் நான்கு எஞ்சின்களையும் ஒன்றன்பின் ஒன்றாக முடுக்கியபோது நான் அருகில் நின்றேன். என் கால்கள் தாமாகவே பின்னுக்கு நகர்ந்தன. சுற்றி நின்ற குழந்தைகள் கைதட்டினார்கள். ஜேர்மனியில் ஹம்பேர்க்கிலும் ட்றெஸ்டனிலும் இந்தச் சத்தத்தைக் கேட்டு நிலவறைக்குள் இறங்கிய தாய்மாரை நான் நினைத்துக்கொண்டேன், அவர்களுடைய முகம் எனக்கு அம்மாவின் முகமாகவே தெரிந்தது. இந்த விமானங்களிற் போன இளைஞரின் கதையும் பாரமானது: பிரித்தானிய விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் மட்டும் 55,573 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரான அன்ட்றூ மைனார்ஸ்கியின் நினைவாகவே இங்குள்ள விமானத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1944 யூனில் விமானம் தீப்பற்றியபோது, வாற்பக்கத்தில் அகப்பட்டிருந்த நண்பனை மீட்பதற்காகத் தன் உடை எரிய எரிய முயன்று, முடியாமற் போனபோது அவனுக்குச் சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தவர் அவர். அவர் இறந்துவிட்டார், அகப்பட்டிருந்தவர் தப்பிவிட்டார்.

இவ்வளவு அரிய விமானத்தைப் பறக்கவிடாமற் கண்ணாடிக்குள் பாதுகாக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1993இல் இங்கு ஏற்பட்ட தீயிற் கொழும்பைக் காத்த ஹரிக்கேன் வகை விமானம் ஒன்றும் எரிந்துபோனதை நினைக்கும்போது, தரையில் நிற்பதும் ஆபத்தற்றது அல்ல என்றே எனக்குப் படுகிறது. என் மனத்துக்கு அது பறக்க வேண்டும். குண்டு போடப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த பின்பும் அந்தச் சத்தம் நெஞ்சை அமுக்குகிறது. அதை ஒரு தரம் கேட்டவர், வானத்தைப் பார்த்துப் பயந்து வாழ்ந்தவர்களின் கதையை இலேசாக எடுக்கமாட்டார். அந்தப் பயத்தை எங்களுக்குத் தந்த பொருளின் உள்ளே என் கையை வைத்து, ஒவ்வோர் ஆணியாகப் பார்த்து, இது மனிதர் செய்த இயந்திரம் என்று அறிந்துகொள்வது எனக்குத் தேவைப்பட்டது அம்மா. வேறு விதமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கொட்டகையில் எண்ணெய் மணம் வரும்போதெல்லாம் உங்கள் வேலைச்சட்டை நினைவுக்கு வருகிறது ஐயா. சனிக்கிழமை மாலையில் எல்லோரும் வீட்டுக்குப் போகும் நேரம் எனக்கு நல்ல நேரமாக இருப்பதில்லை. வசாவிளான் வீட்டின் கிணற்றடியில் நின்று துலாவால் அள்ளிக் குளிக்க வேண்டும் போலிருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். பயணச்சீட்டு விலை இறங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காணி விடயம். நம்முடைய துண்டும் இராணுவம் விடுவித்த பகுதிக்குள் வருகிறது என்று எழுதியது பெரிய ஆறுதல். பலாலி விமான ஓடுபாதைப் பக்கத்து எல்லை வேலி அழிந்துவிட்டதால், அப்புவின் பெயரிலுள்ள பழைய காணி உறுதியை வைத்து நில அளவையாளரைக் கொண்டு முதலில் அளப்பியுங்கள். சின்ன மாமா சொல்கிறபடி வாய்ப்பேச்சில் எல்லை வைக்க வேண்டாம். காணி என் பெயருக்கும் அக்காவின் பெயருக்கும் பாதி பாதியாக எழுதப்பட வேண்டும் என்கிறீர்கள். என் பங்கையும் அக்காவின் மகளின் பெயருக்கே சீதனமாக எழுதிவிடுங்கள். அவளுக்கு நகைக்கென்று நான் அனுப்ப வேண்டியதைச் சித்திரை கழிந்து அனுப்புகிறேன், அதற்காக யாரிடமும் கைமாற்று வாங்க வேண்டாம். எனக்குப் பதிலாக ஒப்பமிட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தை இங்கே ஒப்பமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அக்காவின் அடையாள அட்டை இலக்கத்தை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

கிணற்றை இறைப்பதற்கு முன், அந்தப் பகுதியிற் கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். கேட்டு முடியும்வரை சின்ன மாமாவைக் கிணற்றுக்குள் இறங்க விட வேண்டாம். நீங்கள் காது வைத்தியரிடம் போனீர்களா என்பதையும் எழுதுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் அன்பு மகன்