கார் சாவி பில்லில் சிப் விவரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல் நாகல்நகரில் சாவிக் கடை வைத்திருக்கிறேன். அப்பா மாங்காய்ப் பூட்டுக்கு அரம் பிடித்தவர். எனக்கு இப்போது கார் சாவியில்தான் பிழைப்பு.

போன மாதம் ஒரு டீச்சர் கடைக்கு வந்தார். அவர் மகன் டூப்ளிகேட் சாவியை பஸ் ஸ்டாண்டில் தொலைத்துவிட்டான். "எடுத்தவன் வண்டியைக் கிளப்பாதபடி அந்தச் சாவியை மட்டும் அழித்துக் கொடு தம்பி" என்றார். சாவி பதியும் மெஷினை வண்டியில் மாட்டிப் பார்த்தால், காரின் கணக்கில், அதாவது அதில் பதிந்த சாவிகளின் பட்டியலில், ஒரே ஒரு சாவிதான் இருக்கிறது. தொலைந்த சாவி வேறு ஊரில் யுனிவர்சல் சிப்பில் (பல வகையாக மாற்றிக்கொள்ளக்கூடிய சிப்) போட்ட குளோன், அதாவது அசலின் நகல். அசலில் உள்ள அடையாள எண்தான் அதிலும். அதை அழித்தால் கையில் இருக்கும் அசலும் செத்துவிடும். கடைசியில் இரண்டு புதுச் சிப் பதிந்து, பழைய எண்ணை நீக்கிக் கொடுத்தேன். அப்படியும் தொலைந்த சாவிக்குக் கதவு திறக்கும்; அதற்குப் பூட்டையே மாற்ற வேண்டும். குளோன் என்ற வார்த்தையையே அவர் அன்றுதான் கேட்கிறார். முகம் வாடிப்போய்விட்டது.

சாவித் தலைக்குள் இருக்கும் சிப் என்ற அந்தச் சின்னக் கறுப்புத் துண்டுக்கு பேட்டரி கிடையாது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அனுப்பும் அலையிலேயே உயிர் பெற்று, வண்டிக்குப் பதில் சொல்லும். பதில் தப்பாக இருந்தால் இன்ஜின் ஓடாது, மீட்டரில் சாவி விளக்கு மினுக்கும். முன்பெல்லாம் 46, 48, 4டி என்று ஒவ்வொரு சிப் வகைக்கும் தனி டப்பா வைத்திருப்போம். யுனிவர்சல் சிப்பை இவற்றில் வேண்டிய வகையாக மாற்றிக்கொள்ளலாம். ராத்திரி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒருவர் வண்டியோடு நிற்கிறார் என்றால் அதைத்தான் நானும் எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதில் என்ன செய்கிறோம் என்பது முக்கியம். குளோன் என்றால் காரின் கணக்கில் எதையும் பதிய வேண்டாம், பல சமயம் கடையிலேயே முடிந்துவிடும். முறையாகப் பதிவதற்கு வண்டியில் மெஷினை மாட்ட வேண்டும், சில வண்டிகளுக்கு PIN என்ற ரகசிய எண்ணும் வேண்டும். அதனால்தான் பலர் சுலப வழிக்குப் போகிறார்கள். 46 வகையின் ரகசியக் குறியீட்டைச் சில நிமிடங்களில் உடைக்க முடியும் என்று 2012-லேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். நகலெடுப்பது இன்று பெரிய வித்தை இல்லை. பதிய முடிகிற வண்டிக்குத் தனி எண்ணோடு பதிந்து கொடுப்பதே சரி. முதலில் அசல் சிப்பைப் படித்து, வகை தெரிந்த பிறகே யுனிவர்சல் ஒத்துவருமா என்று முடிவு செய்ய வேண்டும். போட்ட பிறகு, மற்ற சாவிகளை வளையத்திலிருந்து கழற்றிவிட்டு நாலைந்து தடவை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு சிப் இருந்தால் குழப்பும்.

கார் திருடு போனால் இன்சூரன்ஸில் இரண்டு சாவியையும் கேட்பார்கள். அப்படிப்பட்ட பொருளுக்கு வெறும் 'சாவி - 1' என்று எழுதிய துண்டுச் சீட்டு போதுமா? எந்த வகைச் சிப், யுனிவர்சலா, குளோனா பதிந்ததா, அப்போது வண்டியின் கணக்கில் எத்தனை சாவி இருந்தது என்று பில்லில் எழுதித் தர வேண்டும். வாடிக்கையாளர்களும் கூச்சப்படாமல் கேட்டு வாங்க வேண்டும். டீச்சர் வந்து போன நாளிலிருந்து நான் அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
சாவிக் கடைக்காரர்,
நாகல்நகர், திண்டுக்கல்.