ஒன்பதோடு நிறுத்திவிட்டாய், பாப்பா

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கொடுப்பதற்காகக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஒன்பது கல்லூரிகள். அறையில் எல்லோரும் ஷிப்ட் முடிந்து தூங்குகிறார்கள். போனில் பேசினால் திட்டு விழும், அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

முதலில் உன் கட்-ஆஃபை, அதாவது ரேங்க் போட எடுக்கும் மதிப்பெண்ணை, நானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். கணிதம் 94 அப்படியே. இயற்பியல் 91இல் பாதி 45.5. வேதியியல் 88இல் பாதி 44. ஆக 200க்கு 183.5, சரிதான். தமிழில் நீ வாங்கிய 97 இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சரி, பட்டியலுக்கு வருவோம். முதலிடத்தில் செங்கிப்பட்டி அரசு கல்லூரியில் சிஎஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ். பக்கத்தில் சின்னதாக 'கண்டிப்பா கிடைக்கும்' என்று எழுதியிருக்கிறாய். அடுத்து காரைக்குடி. அதற்கும் கீழேதான் கோவை ஜிசிடி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி. எது கிடைக்குமோ அதை மேலே வைத்திருக்கிறாய். நீ மட்டுமில்லை, பாதிப் பிள்ளைகள் இப்படித்தான் செய்கிறார்கள்.

உன் முறை வரும்போது கம்ப்யூட்டர் உன் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். எந்த இடம் முதலில் காலியாகக் கண்ணில் படுகிறதோ, அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். செங்கிப்பட்டி கிடைத்த பிறகு ஜிசிடியில் இடம் இருந்ததா என்று எட்டிக்கூடப் பார்க்காது. 'அப்வேர்டு கேட்டுக்கலாம்பா' என்று நீ சொல்வாய். அப்வேர்டு, அதாவது இன்னும் நல்ல இடத்துக்கு மாறுவது, கிடைத்த இடத்துக்கு மேலே நீ எழுதி வைத்திருப்பவற்றுக்குத்தான் நடக்கும். முதலிடமே கிடைத்துவிட்டால் அதற்கு மேலே என்ன இருக்கிறது? நோட்டின் அட்டைதான்.

கிடைக்காத கல்லூரியை மேலே எழுதுவதால் ரேங்க் இறங்காது, கீழே உள்ள இடம் பறிபோகாது, கூடுதலாகக் காசும் கேட்க மாட்டார்கள். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் சிஎஸ் உனக்கு வராது என்று எனக்கும் தெரியும். ஆசை இருந்தால் எழுது. ஆனால் கிண்டி என்ற பெயருக்காக மட்டும் பிரிண்டிங்கையோ மைனிங்கையோ மேலே வைக்காதே. அது கிடைத்தால் நான்கு வருஷம் அதைத்தான் படிக்க வேண்டும், பெயரைப் படிக்க முடியாது. பிடித்திருக்கிறது என்றால் அது வேறு விஷயம்.

அடுத்தது, போன வருஷக் கட்-ஆஃபை வைத்து 'வரும், வராது' என்று குறித்திருக்கிறாய். அந்தக் கணக்கு இந்த வருஷம் செல்லாது. 2024இல் முதல் சுற்று 179 மதிப்பெண் வரை போனது. அதற்குள் சுமார் 26,600 பேர் இருந்தார்கள். இந்த 2025இலும் முதல் சுற்று 179 வரைதான். ஆனால் ஆள் 39,000க்கு மேல். மதிப்பெண் அதே இடத்தில் நிற்கிறது, வரிசை மட்டும் 12,000 பேருக்கு மேல் நீண்டுவிட்டது. அதனால் போன வருஷம் 183.5க்குக் கிடைத்த இடம் இந்த வருஷம் 183.5க்குக் கிடைக்கும் என்று நம்பாதே. உன் ரேங்கை எடுத்துக்கொள். போன வருஷம் அதே ரேங்கில் நின்றவருக்கு எங்கே கிடைத்தது என்று பார். பொதுப் பட்டியலோடு நம்முடைய எம்பிசி பட்டியலையும் பார்க்க வேண்டும். அதுவும் உத்தரவாதம் இல்லை, இருந்தாலும் கட்-ஆஃபை விட நம்பலாம்.

உன் சித்தப்பா கதையைச் சொல்லியிருக்கிறேனா? 2004. அப்போது நுழைவுத் தேர்வு உண்டு, கட்-ஆஃப் 300க்கு. ஆன்லைன் எல்லாம் கிடையாது, கிண்டிக்கே போக வேண்டும். நானும் அவனும் ராத்திரி பஸ்ஸில் போய் இறங்கினோம். அவன் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் இரண்டே கல்லூரிப் பெயர். வெளியே காத்திருக்கும்போதே இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன. மதியத்துக்குள் இரண்டும் முடிந்துவிட்டன. உள்ளே போனவனுக்கு யோசிக்கச் சில நிமிஷம்தான். அதுவரை கேள்விப்பட்டே இராத ஒரு கல்லூரியைச் சொல்லிவிட்டு வெளியே வந்தான். திரும்பி வரும்போது விழுப்புரம் தாண்டும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. பேப்பரில் இருபது பெயர் எழுதிக்கொண்டு போங்கள் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

அதனால்தான் உன் ஒன்பதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாற்பது, ஐம்பது எழுது. கடைசிப் பத்து, போன வருஷம் உன் ரேங்குக்கு வெகுதூரம் கீழே போய்த்தான் நிரம்பியவையாக இருக்கட்டும். ராஜாமடம் அதில் இருக்கலாம். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம், அண்ணா பல்கலைக்கழகம் நேரடியாக நடத்தும் கல்லூரி. ஆனால் கிடைத்தால் போக மாட்டேன் என்று நினைக்கும் எதையும் எண்ணிக்கைக்காக எழுதாதே. கீழே எழுதும் தனியார் கல்லூரிகளுக்குப் பஸ் முதுகில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் பார்க்காதே. ஒவ்வொரு செமஸ்டரும் எந்தக் கல்லூரியில் எத்தனை சதவீதம் தேர்ச்சி என்று அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது, அதைப் பார். உன் அம்மா போனுக்கு ஒரு கல்லூரியிலிருந்து தினமும் கூப்பிட்டு 'உங்க பொண்ணுக்கு சாய்ஸ் நாங்களே போட்டுத் தர்றோம்' என்கிறார்களாமே. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்.

கல்லூரிக் கோடு எண்ணை இரண்டு முறை படி. ஒரே மாதிரிப் பெயரில் நாலைந்து கல்லூரி இருக்கும். பிஎஸ்ஜி டெக் 2006, ஜிசிடி 2005. பிஎஸ்ஜியிலேயே 'எஸ்எஸ்' (சுயநிதி) என்று போட்ட பிரிவுக்குக் கட்டணம் வேறு.

பட்டியல் முழுக்க சிஎஸ், சிஎஸ், சிஎஸ். ஏழாவது படிக்கும்போது தாத்தாவின் ரேடியோவைத் திண்ணையில் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டத் தெரியாமல் அழுதாயே, நினைவிருக்கிறதா? அந்தப் பெண்ணுக்கு ஏன் இசிஇ, எலக்ட்ரானிக்ஸ் பிரிவு, தோன்றவில்லை என்று யோசிக்கிறேன். உன் இஷ்டம்தான். ஒரே பிரிவைப் பிடித்துக்கொண்டு நல்ல கல்லூரிகளைத் தாண்டிப் போகிறாயே என்றுதான் கேட்கிறேன்.

இப்போது நான் உண்மையில் எழுத வந்த விஷயம். ஒன்பதில் ஒன்றுகூடச் சென்னையில் இல்லை. போன தடவை என்னை ஏர்போர்ட்டுக்கு வழியனுப்ப வந்தபோது, குரோம்பேட்டை எம்ஐடி பாலத்தில் கார் ஏறியதும் 'கலாம் படிச்ச காலேஜ்பா' என்று கண்ணாடியை இறக்கிப் பார்த்தாய். பாலம் முடியும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாய். அந்தக் கல்லூரி பட்டியலில் எங்கே? அம்மாவிடம் கேட்டேன். 'ஹாஸ்டல் செலவு ஆகும்னு விட்டுட்டா' என்றாள்.

பாப்பா, அந்தக் கணக்கு உன்னுடையது இல்லை, என்னுடையது. எம்ஐடி சேர்ந்திருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் அரசு கல்லூரியிலும் படிப்புக் கட்டணம் தனியாரைப் போல இருக்காது. கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழையும் சேர்த்துவிட்டோம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஆவதை நான் இங்கே ஓவர்டைமில் பார்த்துக்கொள்வேன். பணத்தை நினைத்து ஒரு வரியைக்கூட அடிக்காதே. எம்ஐடியில் உன் ரேங்குக்கு எந்தப் பிரிவாவது எட்டுமா என்று பார்த்து, உனக்குப் பிடித்ததை உனக்குப் பிடித்த இடத்தில் எழுது. வராவிட்டால் வராது, போகட்டும்.

மூன்று நாள்தான் அவகாசம், கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். இன்று ராத்திரி உட்கார்ந்து புதிதாக எழுது. எழுதியதும் எனக்கு அனுப்பு, நான் பார்த்த பிறகு லாக் செய்யலாம். உனக்கு ஒன்பது மணி என்றால் இங்கே குவைத்தில் ஆறரை, கம்பெனி பஸ்ஸில் இருப்பேன், நெட் கிடைக்கும். இந்தத் தடவை பேனாவால் எழுது. பென்சில் எழுத்து படத்தில் சரியாகத் தெரியவில்லை.

அன்புடன்,
அப்பா